குலுங்குகிற வண்டி

எங்கள் டிப்போவில் ஒரு பஸ் இருக்கிறது. அதை ஓட்டச் சொன்னால் டிரைவர்கள் லீவு போட்டுவிடுவார்கள். ஷாக் அப்சார்பர் போய் எத்தனையோ காலம். மேடு பள்ளம் இல்லாத ரோட்டிலும் குலுக்கி எடுக்கும். இந்தக் குளிர்காலத்தில் அதை நானே கேட்டு வாங்கி ஓட்டினேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். காரணம் என் மணிக்கட்டில் இருந்தது.

மகள் அனுப்பிய கடிகாரம் அது. அவள் வேறு ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று சொல்லும் வேலையில் இருக்கிறாள். அவள் அம்மா போன பிறகு அவளுக்கு முதல் நோயாளி நான்தான். சாயங்காலமானால் போன் வரும். "இன்னைக்கு வெயில்ல நின்னீங்களா? காய் சாப்பிட்டீங்களா? நடந்தீங்களா?" வெயில் எங்கே இருக்கிறது, நிற்பதற்கு? இந்த வடகோடி நாட்டில் மத்தியானக் காபி ஆறுவதற்குள் இருட்டிவிடுகிற மாதங்கள். "எல்லாம் ஆச்சும்மா" என்பேன். "பொய்" என்பாள். பிறகு திட்டு ஆரம்பிக்கும். கேட்டுக்கொண்டே முட்டையை உடைத்து ஊற்றுவேன். அந்தத் திட்டோடுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அப்புறம் இந்தக் கடிகாரம் வந்தது. நான் நடந்தால் அது எண்ணும். எண்ணியது அவள் போனில் தெரியும். "இனிமே நீங்க டிமிக்கி குடுக்க முடியாதுப்பா" என்றாள். நான் பயந்துதான் போனேன். பொழுதெல்லாம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவன் எங்கே போய் நடப்பது? ஆனால் அன்று வேலை முடிந்து பார்த்தால், மலை ஏறி இறங்கியவன் கணக்கு காட்டியது. மகளிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவன் டிப்போ மெக்கானிக். அவனை எல்லோரும் கிரீஸ் என்போம். சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கு ஞாபகம் இருந்தால் உண்டு.

"அண்ணே, நீங்க எங்க நடந்தீங்க? இன்னைக்கு உங்க தலையில விழுந்த இந்த வண்டி குலுங்குறதையெல்லாம் இது நடைன்னு நெனச்சுக்குது."

"அப்ப இந்த வண்டிய ரிப்பேர் பண்ணிடாத."

"இத்தன வருஷம் பண்ணாதவன் இனிமேயா பண்ணப்போறேன்?"

இடுப்பு கழன்றது. மகள் முன்னால் மானம் தப்பியது. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அப்பன் நன்றாக நடக்கிறான் என்றால் அவள் எதற்குக் கூப்பிட வேண்டும்? தினமும் வந்த போன் எப்போதாவது என்றானது. பிறகு கட்டைவிரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால், அந்தச் சத்தத்துக்குப் பிறகு வேறு சத்தம் கிடையாது. அடுப்பு மூட்டச் சோம்பல்பட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ரொட்டியைத் தின்பேன். ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்து, "என்ன சார், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். கேட்டபிறகு அழுகை வந்துவிட்டது. தனியாக இருப்பது இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அழுத பிள்ளைக்குத்தான் பால். டிப்போ மேனேஜரிடம் போய்ப் புது வண்டி கேட்டேன். அது படகு மாதிரி போகும். கடிகாரம் அசையவே இல்லை. கணக்கு அதலபாதாளத்துக்குப் போனது. இப்போது கூப்பிடுவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று. போன் வரவில்லை. அப்பன் செத்தானா இருக்கிறானா என்று கேட்க நாதியில்லையா?

லீவு நாள் மத்தியானம் ஆத்திரத்தில் நானே கூப்பிட்டேன். அவள் வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. வெகு நேரம் அடித்தபின் எடுத்தாள். தூங்கி எழுந்த குரல்.

"என்னப்பா? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஏன், கடிகாரக் கணக்கப் பாத்துக்க வேண்டியதுதானே? ஒரு வாரமா நான் அசையவே இல்ல."

"அதை நான் பாக்குறதே இல்லப்பா. ரொம்ப நாளாச்சு."

வாயில் தயாராக வைத்திருந்த வசவு அப்படியே நின்றது. "வேலைக்குப் போகலியா?"

"லீவுல இருக்கேன். எழுந்திருக்க முடியலப்பா. போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு. யாரையும் பாக்கப் பிடிக்கல. குரலக் கேட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் கூப்பிடல."

"சாப்பிட்டியா?"

யாரும் பார்க்காத கணக்குக்காக நான் எலும்பைக் குலுக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் என் பிள்ளை இருட்டில் தனியாகக் கிடந்திருக்கிறாள்.

"ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணேன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றேன். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. "கோட்டை எடுத்து மாட்டு. போன வைக்காம கீழ எறங்கு. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கு. நானும் எறங்குறேன்."

"முடியாதுப்பா."

நான் இறங்கி வாசலில் நின்றேன். காது ஜில்லிட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இவள் எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வேன், பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒரு பகலாகுமே என்று கணக்குப் போட்டேன். வெகு நேரம் கழித்து ஒரு பூட்டு திறந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. அழுகிறவர்களைத் தேற்றும் பேச்சு அவள் அம்மாவுக்குத்தான் வரும். எனக்குத் தெரிந்தது என் ரூட் ஒன்றுதான். "இப்ப தபால் ஆபீஸ் தாண்டுறேன். அடுத்தது ஸ்கூல் கேட்டு. அங்க ஒரு டீச்சர் தெனமும் குடைய வண்டியிலயே விட்டுட்டு எறங்கும்" என்று ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்கியது. அவளுக்கும் வாங்கியது.

"அப்புறம்?" என்றாள்.

என் கால்களைவிட ரூட் வேகமாக ஓடித் தீர்ந்துவிட்டது. கடைசி ஸ்டாப்பைச் சொன்னால் போனை வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எங்கள் ஊரில் இல்லாத ஸ்டாப்புகளாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.