பிப்ரவரிப் படம்

2019 பிப்ரவரி 4, திங்கட்கிழமை, காலை 7.20 மணி. மூன்றாம் மாடி வீடொன்றின் சமையலறை ஜன்னலோரத்தில் ஒரு பெண்ணின் இடது தோள்பட்டைக்குப் பின்னால் இருந்த மச்சம் புகைப்படம் எடுக்கப்பட்டது. அதன் அகலம் ஆறு மில்லிமீட்டர்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். படம் எடுத்தவர் கணவர்; நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தார் தோல் மருத்துவர். மச்சம் அப்படியே இருந்தால் கவலையில்லை. மாறினால் புற்றுநோயாக இருக்கலாம். செப்டம்பரில் எல்லாப் படங்களையும் கொண்டுவர வேண்டும்.

கணவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் ரசமட்டம், கொத்தனார் சாய்வு பார்க்கும் கருவி. சுவரில் மாட்டிய காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மார்ச் மாதப் படத்தை எடுத்ததும் பிப்ரவரிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கேல் சற்றே சாய்ந்திருந்தது. படத்தைத் துளி திருப்பினார், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினார், பழைய படத்தின் மேலேயே சேமித்தார். ஏப்ரலில் இரண்டையும் திறந்து புதிய படத்துக்கு ஒத்துப்போகும்படி திருத்தினார். மே மாதம் மூன்றையும். கேமரா அட்டையில் உள்ளதையெல்லாம் மாதாமாதம் அழித்துத் துடைத்துவிடுவார். வேண்டாத நகல் அவருக்கு ஆகாது.

ஓட்டுநர் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. "என் முதுகு எனக்குப் பின்னாடியே இருக்கட்டும். அதைக் கொண்டுவந்து முன்னாடி நீட்டாதீங்க" என்பார்.

செப்டம்பர் 3 அன்று அச்சிட்டுக் கொண்டுவந்த எட்டுப் படங்களையும் மருத்துவர் மேசையில் வரிசையாக வைத்தார்; ஓட்டுநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிப்ரவரியில் மச்சத்தின் ஓரம் வழவழப்பாக, உருண்டையாக இருந்தது. ஜூனில் அங்கங்கே பிசிறு. செப்டம்பரில் ஓரம் முழுக்க ரம்பப் பல்.

"ஏழு மாசத்துல இவ்வளவு மாற்றம்னா இனிமே காத்திருக்கிறது சரியில்ல" என்றார் மருத்துவர். சுற்றியுள்ள தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க வேண்டும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். குறைந்தது ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. 12ஆம் தேதி என்று குறித்துக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் கணவரைக் கூப்பிட்டு, வாஷிங் மெஷினில் எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டினார். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க. நான் என்ன ஊரை விட்டா போறேன்?"

"மறந்துடும்."

"மறந்தா கேளுங்க. இங்கதானே இருப்பேன்" என்றவர் துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை மதியம் ஓட்டுநரின் அக்கா வந்தார். அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்பவர். வந்ததும் வராததுமாக, "எங்க அந்தப் படமெல்லாம்? நீ பயந்துக்கிட்டு மூடி வச்சிருக்க, நான் பார்க்கிறேன்" என்றார். கணவர் சாப்பாட்டு மேசையில் எட்டையும் பரப்பினார், ஓரங்கள் ஒரே கோட்டில் இருக்கும்படி.

"பாருடி, கல்யாணப் பந்தி மாதிரி வரிசை போட்டிருக்கார் உன் வீட்டுக்காரர்."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முதல்முறையாக எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மச்சத்தைப் பார்க்க மனம் ஒப்பாமல் அதற்குப் பக்கத்தில் பார்வையை ஓட்டினார்.

"ஏங்க, பிப்ரவரியில வேற ஸ்கேலா வச்சீங்க?"

"அதே ஸ்கேல்தான். ஆபீஸ்லருந்து கொண்டுவந்தது."

"செப்டம்பர்ல கோடு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. பிப்ரவரியில எல்லாம் சேர்ந்து அப்பின மாதிரி இருக்கு. மச்சம் மாறும், சரி. இரும்பு ஸ்கேல் எப்படி மாறும்?"

அக்கா பிப்ரவரிப் படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதை எத்தனை தடவை திறந்து சேவ் பண்ணினீங்க?"

"மாசம் ஒரு தடவை. நேரா வைக்கணுமில்ல."

"மேலேயேவா?"

"வேற எங்க பண்ணுவாங்க?"

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க அச்சகத்துல வந்து இதைச் சொல்லியிருந்தா உங்களை வாசல்லயே நிக்க வச்சிருப்பாங்க. இந்த மாதிரி படம் ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் தன்னைத்தானே அமுக்கிச் சின்னதாக்கும். அமுக்கும்போது பொடிப்பொடியா இருக்கிறதை விட்டுடும். விட்டது திரும்பி வராது. அடுத்த மாசம் மிச்சம் இருக்கிறதுல கொஞ்சம் விடும். அதுக்கு மேல நீங்க திருப்பு திருப்புன்னு திருப்பியிருக்கீங்க. பிப்ரவரியை ஏழு தடவை, செப்டம்பரை ஒரு தடவைகூட இல்ல. அதான் பழசெல்லாம் மழுமழுன்னு இருக்கு, புதுசு பிசிறாத் தெரியுது."

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ மச்சம் மாறவே இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. நீங்க தொடாத பிப்ரவரிப் படம் இருந்தாத்தான் தெரியும்."

"அட்டையைத் துடைச்சுட்டேன்."

"ரொம்ப நல்லாத் துடைச்சீங்க" என்றார் ஓட்டுநர்.

கணவர் முகம் சுண்டிப்போனதைக் கண்டு, இன்னும் சொல்ல வந்ததை ஓட்டுநர் விழுங்கிக்கொண்டார். அக்காதான் போனை எடுத்தார். பிப்ரவரியில் முதல் படம் எடுத்த அன்றே, எனக்கும் அனுப்பு என்று அவர் நச்சரித்திருந்தார். தொல்லை விட்டால் போதும் என்று, கணவர் கேமராவிலிருந்து கணினிக்கு ஏற்றிய உடனே அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். எதையும் திருத்தத் தொடங்கும் முன்பு. அக்கா அதைத் திறந்தும் பார்த்திருக்கவில்லை.

"என்னை நச்சரிக்கிறேன்னு சொல்வீங்களே, இப்போ சொல்லுங்க."

திறந்தார்கள். ஸ்கேல் சாய்ந்திருந்தது. கோடுகள் தெளிவாக இருந்தன. மச்சத்தின் ஓரம் முழுக்கப் பிசிறு.

திங்கட்கிழமை மருத்துவர் அந்தப் படத்தையும் செப்டம்பரில் எடுத்ததையும் திரையில் பெரிதாக்கி வைத்து, ஓரத்தின் ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டார். இருபது நிமிடம் ஆயிற்று.

"ஓரம் முதல் நாளே இப்படித்தான் இருந்திருக்கு. அதுவும் அவ்வளவு நல்லதில்ல. ஆனா ஏழு மாசத்துல துளிகூட நகரல" என்றார். அகல வெட்டும் தோல் ஒட்டும் வேலையும் ரத்தாயின. மச்சத்தை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம் என்றார்.

கணவர் தயங்கி, "மத்த ஆறு படம் வேணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். அதையும் நேராக்கிட்டீங்கல்ல."

செப்டம்பர் 12 அன்று மச்சம் அகற்றப்பட்டது. நான்கு தையல். பதினோராம் நாள் ஆய்வு முடிவு வந்தது, புற்றுநோய் இல்லை. மறுநாள் காலை 5.40 வண்டியை ஓட்டுநர் எடுத்தார்.