ஏழாவது ஜோடி

மொத்தம் பன்னிரண்டு ஜோடி உருவொத்த இரட்டையர்கள். ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்க வேண்டும், கூடப் பிறந்தவருக்கு இருக்கக் கூடாது என்றால் எங்கே போய்த் தேடுவது? தைனான் நகரத்தில் ஆராய்ச்சி மாணவி பெய்ஷான் மூன்று வருடம் நாயாய் அலைந்து சேர்த்தது அவ்வளவுதான். இருவரிடமும் இருப்பது ஒரே மரபணுக்கள். ஆனால் எல்லா மரபணுவும் எல்லா உடம்பிலும் ஒரே மும்முரத்தோடு வேலை பார்ப்பதில்லை. எது சுறுசுறுப்பு, எது சோம்பேறி என்று கணக்கெடுக்கத் தொடையிலிருந்து பயறளவு சதை எடுத்து எந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த எந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க, ஊர் நம்பிக்கைப்படி, அதன் தலையில் ஒரு பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தவன் உருப்பட மாட்டான். அறிவியல் படித்தவர்கள்தான், ஆனாலும் பொட்டலம் இல்லாமல் எந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை.

பதினொரு ஜோடியில் வித்தியாசம் தெரிந்தது. ஏழாவது ஜோடியில் மட்டும் துளியும் இல்லை. ஒரே ஆளின் சதையை இரண்டு குழாயிலும் போட்டு வைத்திருக்கிறாய் என்று பேராசிரியர் லியாவ் பெய்ஷானைக் கடிந்துகொண்டார். வேறு யாராவது என்றால் மரபணுவைப் பார்த்தே இது யாருடையது என்று சொல்லிவிடலாம். இரட்டையரிடம் அந்த வித்தை பலிக்காது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் அந்த ஜோடியைத் தூக்கிவிடச் சொன்னார். தன் கை அப்படித் தவறாது என்று பெய்ஷானுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவள் நேரே அந்த இரட்டையரின் பால்கெண்டை மீன் கஞ்சிக் கடைக்குப் போனாள். அறுபத்தொரு வயது. அண்ணன் தோக், ஏழு நிமிடம் மூத்தவர், சர்க்கரை இல்லாதவர். தம்பி லாய்க்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அவளைப் பார்த்ததும் தோக் திரும்பிக்கொண்டு மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். லாய் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, உங்க மிஷினு சரியாயிடுச்சா? என்னை எப்பத்தான் கூப்பிடுவீங்க?"

பெய்ஷானின் கரண்டி பாதியில் நின்றது. மிஷின் கெட்டுப்போனதாக யார் சொன்னது என்று கேட்டாள். லாய் அண்ணனைக் கை காட்டினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. தோக் திங்கட்கிழமை தன் அடையாள அட்டையோடு போய் இடது தொடையைக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை தம்பியின் அட்டையை எடுத்துப் போய் வலது தொடையைக் கொடுத்திருக்கிறார். அதே முகம், அன்றைக்கு வேறு நர்ஸ். முழுப் பூசணிக்காயை இரண்டு மாதம் கஞ்சியில் மறைத்து வைத்திருந்தார் மனுஷன்.

"எங்கப்பாவுக்கும் சர்க்கரைதான்," என்றார் தோக், மீனைப் பார்த்தபடியே. "காலுல ஒரு முள்ளு குத்துச்சு. ஆறவே இல்ல. முழங்காலோட எடுத்துட்டாங்க. இவன் தொடைய ஓட்டை போட நான் விட்டுருவேனா? எனக்கு ஆறும். அதான் ரெண்டையும் நானே குடுத்தேன்."

பெய்ஷானுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு. வரவில்லை. லாய்க்கு வந்தது கோபம். பள்ளியில் வாத்தியார் அடியிலிருந்து எல்லாவற்றையும் தனக்குப் பதிலாக வாங்கிக்கொண்டவர்தான் அண்ணன், அதற்கெல்லாம் லாய் வாய் திறந்ததில்லை. இன்று திறந்தார்.

"ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே கஞ்சியக் குடிச்சோம். எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு? பெருந்தீனி தின்னேன், அதான் வந்துச்சுன்னு பன்னெண்டு வருஷமா ஊரே சொல்லுது. என் பொண்டாட்டியும் சொல்றா. அதக் கேக்கத்தான்டா நான் கையெழுத்துப் போட்டேன். குழாய்ல உன் சதைய வச்சா, என் கேள்விக்கு யாரு பதில் சொல்லுவா?"

தோக் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

பெய்ஷான் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவர் சிரித்துவிட்டு, பிறகு உர்ரென்று ஆகி, ஆய்வு நெறிக்குழுவுக்கு நடந்ததை எழுதி, லாயிடம் சதை எடுக்க அனுமதி வாங்கச் சொன்னார். மூன்று வாரம் ஆனது. மருத்துவர் லாயின் சர்க்கரையையும் கால்களையும் சோதித்து, பயமில்லை என்றார். ஒரு துண்டுச் சதையால் முழுப் பதில் கிடைத்துவிடாது, பன்னிரண்டு ஜோடியும் சேர்ந்து கொஞ்சம்தான் சொல்லும், தீனிதான் காரணம் என்றும் அது சொல்லலாம் என்று பெய்ஷான் லாயிடம் ஒளிக்காமல் சொன்னாள். எதுவானாலும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவர் சதை கொடுக்கப் படுத்துக்கொண்டார். வெளியே தோக் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பத்தாம் நாள் புண்ணைப் பார்க்க அவள் கடைக்குப் போனாள். அண்ணன் தினம் மூன்று முறை கட்டைத் தூக்கிப் பார்த்துத் தொல்லை பண்ணுகிறார் என்று லாய் புகார் வாசித்தார். கட்டை அவிழ்த்தாள். வெளிர்சிவப்பாக ஒரு சின்னக் கோடு. நன்றாக மூடியிருந்தது.

தோக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னுத விட சீக்கிரம் ஆறிடுச்சேடா," என்றார்.

"எனக்கு ஒண்ணுதான," என்றார் லாய். "உனக்கு ரெண்டு."