ஆவணியில் வெட்டிய கொடி

மல்வேர்னில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற திராட்சைக் கொடி, கனடாக் குளிரைத் தாங்கும் இனம். மூன்று விண்டர் பனிக்குள் கிடந்தும் சாகாமல் இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. பதினொரு குலை. என் மனைவி றெஜினா தினமும் கதிரையைப் போட்டு அதன் முன்னால் இருப்பாள். "என்ரை கையாலை ஒரு குலை ஆய்ஞ்சு தின்னவேணும்" என்பாள்.

அவளுக்கு ஈரலில் புற்றுநோய். மார்கழி நத்தார்ப் பண்டிகையைத் தாண்டமாட்டாள் என்று டொக்டர் இங்கிலிஷில் சொன்னார். எங்கள் மகள் ஷாமிலா அதைத் தமிழில், "மருந்து பிடிக்குதாம் அம்மா" என்று மாற்றிச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஆவணி நடுப்பகுதியில் நாசமாய்ப்போன றக்கூன்கள், மரநாய் மாதிரியான இந்த ஊர் மிருகங்கள், ஒரே இரவில் பதினொன்றையும் தின்றுவிட்டன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் திராட்சைத் தோட்டம் செய்தவன் நான். அங்கே கொடியை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் தளிரோடு பூ வரும், நாலு மாதத்தில் பழம். கத்தரியோடு இறங்கினேன். இங்கே ஐப்பசியில் உறைபனி விழும் என்று தெரியாதா? தெரிந்துதான் வெட்டினேன்.

றெஜினா தடியூன்றி வந்தாள். அவளும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை.

"விசரே உங்களுக்கு? இப்ப வெட்டினால் தளிர் குளிரிலை கருகும். கொடியும் செத்துப்போம்."

"நாலு மாசத்திலை பழம் தின்னலாம். நீர் பேசாமல் போய்ப் படும்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விட்டால் அடுத்த வருசம் தானாய்க் காய்க்கும். ஏன் உந்த அவசரம்?"

நான் அடுத்த கிளையை வெட்டினேன்.

"என்ரை முகத்தைப் பாருங்கோ" என்றாள். பார்க்க முடியவில்லை.

அவள் மெல்லக் கதிரையில் இருந்து விரலை மடித்தாள். "புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவ்வளவுதானோ எனக்கு?"

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை.

"ஷாமிலாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பிள்ளை பாவம், ஒளிச்சு வைக்கப் படாத பாடு படுறாள்."

பின்னேரம் ஷாமிலா வேலையால் வந்தாள். மொட்டையாக நின்ற கொடியைக் கண்டு திகைத்து என்னைப் பார்த்தாள்.

"கொப்பா ஒட்ட வெட்டிப்போட்டார்" என்று றெஜினா சிரித்தாள். "அடுத்த வருசம் ரெண்டு மடங்கு காய்க்குமாம். பழுத்த உடனை எனக்குத்தான் தரவேணும்."

"ஓம் அம்மா" என்றாள் ஷாமிலா. "உங்களுக்குத்தான்."