பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வந்த வெளிச்சம்

இருட்டறைக் கதவில் ‘போன் உள்ளே வரக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவள் நான்தான். யாராவது மறந்து கொண்டுவந்தால் காய்ச்சி எடுத்துவிடுவேன். என்னுடையது மட்டும் உள்ளே வரும். அது போனா என்ன? மணி பார்க்கிற கடிகாரம். இரண்டு வருஷமாக ஒரு ஜீவன் கூப்பிட்டதில்லை. “இனிமே எனக்கு போன் பண்ணாதே” என்று அக்காவிடம் கத்தியதும் நான்தான். அவளும் அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்டாள்.

என் வேலை டென்ட்ரைமர். மரம் மாதிரிக் கிளைவிட்டு வளருகிற மூலக்கூறு. நடுவில் ஒளிரக்கூடிய உலோக அணு ஒன்று இருக்கும். மின்முனைக்கும் அதற்கும் எலக்ட்ரான் போய் வந்தால்தான் வெளிச்சம். ஒரு சுற்றுக் கிளை இருந்தால் ஜோராக ஒளிரும். சுற்று கூடக் கூட மங்கும், ஏனென்றால் கிளைகள் நடுவை மூடிக்கொண்டு எதையும் அண்டவிடுவதில்லை. வளைகிற கிளைக்குப் பதில் விறைப்பான கிளை போட்டால் இடைவெளி கிடைக்கும், நாலாம் சுற்றும் ஒளிரும் என்பது என் கட்சி. மூன்று வருஷம் அதற்கே போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒளி வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாலாம் சுற்றுக் கரைசலை அளவுப் பெட்டிக்குள் வைத்தேன். மணி பார்த்தேன், விளக்கை அணைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வெளியே கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு அசையாமல் கிடந்தது. திடீரென்று எழும்பியது. இருபத்தெட்டு விநாடி நின்று விழுந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே உயரம், அதே இருபத்தெட்டு விநாடி.

“அடேயப்பா!” என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் கண்ணாடிக் குழாய் ஊதுகிறவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, உங்க மரம் பூத்துடுச்சா?”

“பூத்துடுச்சு சார்!”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வேறு யாரிடமாவது சொல்லத் துடித்தது. சொல்ல ஆளில்லை. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைத் திரும்பப் பார்த்தேன். மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, ஒளியும் அப்படித்தானே ஏற வேண்டும்? இது சுவிட்சைப் போட்டு அணைத்த மாதிரி இருந்தது. மறுபடி அளந்தேன். கோடு அசையவே இல்லை. முதல் எழுச்சியின் நேரத்தைப் பார்த்தேன்: பதினொன்று நாற்பத்திரண்டு.

உள்ளே போய் விளக்கைப் போட்டேன். பெட்டியை மூடிய கறுப்புத் துணியில் நகமளவு கிழிசல். அதற்கு நேராக, சத்தம் அணைத்த என் போன். இரண்டு தவறிய அழைப்புகள். அக்கா. பதினொன்று நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

போனை அங்கேயே விட்டுவிட்டு, விளக்கை அணைத்து, கரைசலுக்குப் போகும் மின்சாரத்தையும் நிறுத்தி, வெளியே இருந்த மேஜைத் தொலைபேசியிலிருந்து என் எண்ணுக்கே அடித்தேன். கோடு எழும்பியது. ஒளிர்ந்தது போன் திரைதான். போச்சு, மூன்று வருஷமும் போச்சு. நோட்டில் எழுதினேன்: ‘நாலாம் சுற்று, ஒளி இல்லை.’

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

“ரெண்டு தடவை அடிச்சேன். நீ எடுக்கல” என்றாள்.

“தெரியும்க்கா. தடவைக்கு இருபத்தெட்டு விநாடி. தானா நிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கே.”

“எண்ணிக்கிட்டே எடுக்காம உக்காந்திருந்தியாடி?”

“ஐயோ, இல்லக்கா! அது நீதான்னு எனக்குத் தெரியல. என் கரைசல்தான் ஒளிருதுன்னு நெனச்சு, சந்தோஷத்துல அழுதுட்டேன்.”

“என்னடி உளர்றே?”

“வச்சுடாதேக்கா. முதல்லேருந்து சொல்றேன்.”

அக்கா வைக்கவில்லை.