மலையை மறைத்த பைப்

என் கணவர் அறிவுச்செல்வனுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அடுத்த தெருவில் கருவாடு வறுத்தால் இங்கே உட்கார்ந்தபடியே நெத்திலியா வாளையா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வந்த கக்கூஸ் நாற்றம் பெற்ற அப்பாவின் உடம்பிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டினார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. என் மாமனார் சின்னசாமி வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் கட்டியது. எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை வரவில்லை, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். டேங்க் இருப்பது பின்பக்கம், அதை ஒட்டிய கீழறை மாமனாருக்கு. மலை தெரிகிற மாடியறை எங்களுக்கு. நிலம் கொடுத்தவருக்கு டேங்க், மாதத் தவணை கட்டுகிறவருக்கு மலை என்று பங்கு பிரித்தது என் கணவர்தான்.

ஐப்பசி முடியும்போது நாற்றம் ஆரம்பித்தது. முதலில் மாமனார் அறையில், பிறகு கூடத்தில். அந்த வருடம் என் கணவருடைய அதிகாரி குடும்பத்தோடு கார்த்திகை தீபம் பார்க்க எங்கள் மொட்டை மாடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவர் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். மாடிக்கு வெள்ளையடித்தார், நாற்காலிகள் வாங்கிப் போட்டார், ஒரு மூலையில் துளசித் தொட்டிகளை அடுக்கினார். தினமும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய் மலைக்கு ஒரு கும்பிடு, தொட்டிகளுக்கு ஒரு கும்பிடு. இறங்கி வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"அப்பாகிட்டதான் வருது. வயசாயிடுச்சில்ல. ஒழுங்கா கழுவுறதில்ல."

"நான்தானே கிட்டப் போய் சோறு வெக்கிறேன். எனக்கு வரலையே."

"உனக்குப் பழகிடுச்சு."

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு மூக்கு பழகிவிட்டதாம். நாங்கள் சத்தம் போட்டுச் சண்டை போட்டது மாமனார் காதில் விழுந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை. மறுநாள் அவர் இரண்டு தடவை குளித்தார். அடுத்த நாளிலிருந்து எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அடைமழைக் குளிரில் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சோப்பு தேய்ந்து தேய்ந்து வில்லையாகிவிடும். கூடத்தில் எங்களோடு சாப்பிட்டவருக்குத் தட்டை உள்ளேயே கொடுத்துவிடச் சொன்னார் என் கணவர். தட்டை வாங்கும்போது ஒருநாள் மாமனார் என்னை மெதுவாகக் கேட்டார்.

"என்கிட்ட நாத்தம் வருதாம்மா?"

"இல்லவே இல்ல மாமா."

"அவன் சொல்றானே. எனக்குத் தெரியலையோ என்னவோ."

மண்ணிலும் மாட்டுச் சாணியிலும் ஆயுளைக் கழித்த மனிதர், அதுவரை தன் உடம்பைப் பற்றி வெட்கப்பட்டதில்லை. மகன் படித்து வேலைக்குப் போய் அதைக் கற்றுக்கொடுத்தான்.

அடுத்து என் கணவர் முதியோர் இல்லம் என்று ஆரம்பித்தார். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒன்று பார்த்துவிட்டு வந்தார். "நல்லா பாத்துக்குறாங்க. டயப்பர் எல்லாம் மாத்துறாங்க" என்றார். தானே எழுந்து, தானே நடந்து, தானே துணி துவைத்துக்கொள்கிறவருக்கு டயப்பர். தீபம் முடிந்ததும் அங்கே அறை காலியாகுமாம். அதுவரைக்கும் கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனார் அன்புச்செல்வி வீட்டில் இருக்கட்டும் என்று காரில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாமனார் கார் சீட்டின் மேல் தன் துண்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து போனார்.

என் பள்ளிக்கூடமும் கீழ்பென்னாத்தூரில்தான். மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். "அண்ணனுக்கு என்ன ஆச்சு அண்ணி? அப்பா மேல எந்த நாத்தமும் இல்லியே" என்றாள் அன்புச்செல்வி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோப்பு வாசனையும் விபூதி வாசனையும்தான் வந்தன.

வீட்டிலோ அவர் போன பிறகு நாற்றம் ஜாஸ்தியாகிவிட்டது. வெட்கப்பட வேண்டிய என் கணவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"செவுத்துல ஊறிப்போச்சு."

மாமனாரின் மெத்தையைத் தூக்கி எறிந்தார். அறைக்குப் பெயிண்ட் அடித்தார். சாம்பிராணி போட்டார், மூலைக்கு மூலை ஊதுபத்தி கொளுத்தினார். வீடு, சாக்கடை ஓரத்துக் கோயில் மாதிரி மணத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்குப் போனதும் நான் கீழே தேட ஆரம்பித்தேன். கட்டிலடி, அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். கடைசியில் மாமனாருடைய பாத்ரூமில், தரையில் தண்ணீர் போகிற ஜாலிக்குக் கிட்டே குனிந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. அவர் கொளுத்தி வைத்த ஊதுபத்தியில் ஒன்றையே எடுத்து ஜாலிக்கு மேலே பிடித்தேன். மேலே என் கணவர் கக்கூஸில் தண்ணீரைத் திறந்துவிட்டார். உடனே ஜாலிக்குள் குளுக் குளுக் என்று சத்தம் வந்தது, ஊதுபத்திப் புகை என் முகத்தில் அடித்தது. உள்ளேயிருந்து காற்று தள்ளுகிறது.

ஜாலிக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். டேங்க் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் அது தாங்காது. மாமனார் ஓயாமல் குளித்ததால்தான் அதிலே தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருந்தது. அவரை அனுப்பியதும் அதுவும் வற்றிப் போய்விட்டது. நாற்றத்துக்குக் காரணம் என்று யாரைத் துரத்தினாரோ, அவர்தான் அதுவரை நாற்றத்தை அடக்கி வைத்திருந்தவர்.

டேங்க் வாயு வெளியே போவதற்கென்றே, மொட்டை மாடிக்கு மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ஏர் பைப் இருக்க வேண்டும். வீடு கட்டும்போது இருந்தது. மாடிக்குப் போனேன். பைப்பைக் காணோம். அது இருந்த மூலையில் துளசித் தொட்டிகள். ஒவ்வொன்றாக நகர்த்தினேன். முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்ட பைப், தலையில் மூடி போட்டுப் பசையால் ஒட்டி, மூச்சுவிட வழியில்லாமல் நின்றது. அதைத்தான் இத்தனை நாளும் இவர் கும்பிட்டிருக்கிறார்.

கேட்டேன். மறுக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது தன் கையாலேயே அறுத்தாராம்.

"நடு நாற்காலியில உக்காந்தா மலை உச்சிக்கு நேரா நிக்குது. சாமிக்கும் அதிகாரிக்கும் நடுவுல கக்கூஸ் பைப்பா?"

"அதனாலதான் நாத்தம் வருது. மாமாவால இல்ல."

கொஞ்ச நேரம் தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அவரை நான் நம்பினேன்.

"சரி, தீபம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"மாமாவ எப்போ கூட்டியாரது?"

"இல்லத்துல சொல்லி வெச்சாச்சு. இப்போ வேணாம்னா நம்ம பேரு என்னாவறது?"

அவருடைய பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான். நிஜம் தெரிந்த பிறகும் இப்படிப் பேசுகிற மனிதரோடு வாதாடுவது வீண்.

தீபத்தன்று மத்தியானம் அவர் அதிகாரியை அழைத்துவரக் கிளம்பினார். கூட்டத்தில் போய்வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அறுத்த பைப் துண்டு கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்தது. அதை எடுத்துக் கழுவினேன். பைப்புகளை இணைக்கிற கப்ளிங்கும் பசையும் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். அவருடைய ரம்பத்தாலேயே மூடிக்குக் கீழே அறுத்தேன். மூடி கழன்றதும் வந்த நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பைப்பை நிறுத்தி ஒட்டினேன். கீழே போய் ஜாலியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

சாயங்காலம் அதிகாரி மனைவியோடும் மகளோடும் மாடி ஏறினார். என் கணவர் பின்னாலேயே வந்து, பைப்பைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அதிகாரி முன்னால் கத்தவும் முடியவில்லை. நான் எல்லாருக்கும் காபி கொடுத்தேன்.

"பெரியவரு எங்க? இதெல்லாம் அவரு நெலம்னு சொன்னீங்களே" என்று அதிகாரி கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு சார். போகணும்னு ரொம்ப ஆசைப்பட்டாரு."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இல்லைங்க. மலைய மறைக்குதுன்னு இந்த பைப்ப இவரு அறுத்துட்டாரு. வீட்டுக்குள்ள நாத்தம் வந்துச்சு. அது அவங்க அப்பா மேல வர்ற நாத்தம்னு சொல்லி அனுப்பி வெச்சிட்டாரு. அடுத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போறாரு."

அதிகாரியின் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதிகாரி எழுந்து, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்து மலை அடியிலிருந்து உச்சிவரை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் தீபம் ஏறியது, ஊரே அரோகரா சொன்னது. என் கணவர் மட்டும் அந்த நடு நாற்காலியிலேயே, பைப்புக்குப் பின்னால் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

மறுநாளே போய் மாமனாரை அழைத்து வந்துவிட்டேன். இல்லத்தைப் பற்றி அப்புறம் யாரும் வாயெடுக்கவில்லை. "பைப்லதான் கோளாறு மாமா, உங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டினார். வீட்டில் இப்போது நாற்றம் துளியும் இல்லை.

ஆனாலும் சாப்பிடக் கூப்பிட்டால் சட்டென்று கூடத்துக்கு வரமாட்டார். தன் அறையில் நின்று துண்டை முகர்ந்து பார்ப்பார். கைகளை முகர்ந்து பார்ப்பார். பிறகு வாசற்படி வரை வந்து கேட்பார்.

"இங்க உக்காரலாமாம்மா?"

"உக்காருங்க மாமா" என்று தினமும் நான்தான் சொல்கிறேன். ஒருநாளாவது அவர் மகன் சொல்லட்டும் என்று கொஞ்சம் பொறுத்தும் பார்க்கிறேன். மகனோ தட்டை விட்டு நிமிராமல் என்னிடம், "தென்றல், ரசம் ஊத்து" என்கிறார்.