லேடாங் உச்சிச் சாம்பல்

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் லீவு வாங்கி லேடாங் மலைக்குத் தனியாகக் கிளம்பிய கண்ணுச்சாமியிடம், உச்சியில் முனிக்குச் சாம்பிராணி போட்டு அந்தச் சாம்பலைத் திருநீறாகக் கொண்டுவரும்படி தோட்டத்துச் சனங்கள் சொல்லியனுப்பினார்கள். பாதி வழியில் புலியின் காலடித் தடத்தைக் கண்டதும் குலைநடுங்கித் திரும்பியவன், அடிவாரத்தில் சோறு பொங்கிய அடுப்புச் சாம்பலை முடிந்துகொண்டு வந்தான். அதையே எல்லோருக்கும் கொடுத்து, உச்சியிலிருந்து கடல் தெரிந்தது என்று வாய் கூசாமல் அளந்தான்.

மறுவாரம் அதே தோட்டத்து வெள்ளையம்மா தன் சின்ன மகளோடு வந்து அவன் காலில் விழுந்தாள்.

"நீங்க குடுத்த திருநீறப் பூசினேண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. நானும் உச்சிக்கு வரேன்னு முனிக்கு வேண்டிக்கிட்டேன். வழி தெரிஞ்சவரு நீங்கதான், கூட்டிட்டுப் போங்கண்ணே."

காலை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் கண்ணுச்சாமி கூனிக் குறுகினான். குழந்தையின் நெற்றி நிறைய அவன் சோறு பொங்கிய சாம்பல்.