தாய்மாமனுக்கு ஆகாத பல்

என் மகளுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்ததே அண்ணன் ஜீவரத்தினம்தான். ஈறு நமைச்சலில் அவள் அழுதால், காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வந்து, ஈரத்துணியால் ஈறைத் தடவி அமர்த்துவார்.

போன மாதம், கீழ்ப்பல்லுக்கு முன்னால் மேல்பல் எட்டிப்பார்த்தது. "தாய்மாமனுக்கு ஆகாது," என்றாள் அண்ணி. அதோடு அண்ணன் வருவது நின்றது. அந்த ஒற்றைப் பல்லைத் துடைத்துவிடும்போதெல்லாம் வாசலில் அவர் சைக்கிள் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

நேற்று எங்கள் புத்த விகாரில், மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று அண்ணன் மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்குமுன் குழந்தையை அவரிடம் நீட்டினேன். மாமாவைப் பார்த்ததும் அவள் வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொதல்ல அது வாயப் பொத்தும்மா."

அவர் வைத்த பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.